கடை மேலாளர் அவர்கள் நலமா?

பிப்ரவரி 3

அன்புள்ள அத்தைக்கு,

நான் இங்கே நலம். நீங்களும் மாமாவும் பேரப்பிள்ளைகளும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். முழங்கால் வலி எப்படி இருக்கிறது? கண்ணுக்குச் சொட்டு மருந்து விடுகிறீர்களா? கடையில் தையல் மெஷின் மூன்றும் ஓடுகின்றனவா? பொத்தான்களுக்குக் காஜா எடுக்கும் அக்காவுக்குக் கை வீக்கம் வடிந்துவிட்டதா? இங்கே குளிர் குறைந்துவிட்டது. அங்கே வெயில் ஏறியிருக்கும், உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

பெரிய விஷயம் ஒன்றும் இல்லை. எங்கள் கல்லூரியில் செயற்கைப் பல் செய்யும் படிப்பை இந்த ஆண்டோடு மூடுகிறார்கள். என்னை மூன்றாம் வருடத்தில் சேர்த்துக்கொள்ள வேறு ஊரில் ஒரு பல்கலைக்கழகம் சம்மதித்துவிட்டது. ஒரே ஒரு தாள்தான் குறைகிறது. ஆங்கிலத் தேர்வு மதிப்பெண். நான் கிளம்பி வருமுன் எழுதிய தேர்வு இரண்டு வருடத்துக்குத்தான் செல்லுமாம். பதினோரு நாள் தாண்டிவிட்டது.

அந்தப் பல்கலைக்கழக அலுவலகத்து அம்மாவிடம் போய்ப் பேசினேன். இத்தனை நாளும் ஆங்கிலத்தில்தான் படித்தேன், கல்லூரி வரவேற்பில் வாரத்துக்குப் பத்து மணி நேரம் ஆங்கிலத்தில்தான் போன் எடுக்கிறேன், இப்போது உங்களிடம் பேசுவதும் ஆங்கிலம்தானே என்றேன். "நல்லாத்தாம்மா பேசுறே. ஆனா தாள்ல இல்லையே" என்றார்.

ஜூன் 10க்குள் தாள் போய்ச் சேர வேண்டும். சேராவிட்டால் ஜூலை கடைசியோடு விசா முடிந்துவிடும், பெட்டியைக் கட்ட வேண்டியதுதான். மார்ச் 9 தேர்வுக்குப் பெயர் கொடுத்துவிட்டேன். அப்பாவிடம் சொல்லாதீர்கள். ரத்த அழுத்தம் ஏறிவிடும்.

உங்கள் பாதம் தொட்டு,
மருமகள்

பிப்ரவரி 15

அன்புள்ள மருமகளுக்கு உன் அத்தை எழுதுவது.

இங்கே எல்லோரும் இருக்கிறோம். முழங்கால் இருந்த இடத்தில்தான் இருக்கிறது, மடங்கத்தான் மாட்டேன் என்கிறது. உன் மாமா, "போன் பண்ணிக் கேட்டா ஆச்சு, எதுக்குக் கடுதாசி?" என்கிறார். போனில் சொன்னதை நாளைக்கே இல்லை என்று சாதித்துவிடலாம். எனக்குத் தாளில்தான் எழுது.

நீ பெட்டியோடு வரக் கூடாது. அது உனக்காக மட்டும் இல்லை. நீ கிளம்பிய வியாழக்கிழமை, கார்க் கதவைச் சாத்தும்போது உன் பெரியப்பா சொன்னார்: "ரெண்டே வருஷம். பெட்டியும் கையுமா வாசல்ல வந்து நிப்பா பாரு." மற்றவர்களுக்குக் கேட்கவில்லை. எனக்குக் கேட்டது. நீலக் கட்டம் போட்ட சட்டை போட்டிருந்தார். நான் தைத்த சட்டை. மேல் பொத்தான் போடாமல் விட்டிருந்தார். எல்லாம் என் நெஞ்சில் இருக்கிறது.

இனி விஷயத்துக்கு வருகிறேன். நம் தெரு ஜெராக்ஸ் கடைக்காரி அந்தப் பல்கலைக்கழகத்து விதிகளைக் கம்ப்யூட்டரில் எடுத்து ஒரு வரி விடாமல் எனக்குத் தமிழில் சொன்னாள். நான் ஐந்தாவதோடு நின்றவள். என் காது அதோடு நிற்கவில்லை. ஏழாவது விதி என்ன சொல்கிறது? படித்த கல்லூரியில் ஆங்கிலக் கட்டுரை வகுப்பை முடித்திருந்தால் தேர்வே வேண்டாமாம். நீ போன நவம்பர் 21ஆம் தேதி எழுதியிருக்கிறாய், "கட்டுரை வகுப்பு டீச்சர் ரொம்ப நன்றாக நடத்துகிறார்" என்று. அப்புறம் உனக்கு என்னத்துக்குத் தேர்வு?

பதில் போடு. நேரத்துக்குச் சாப்பிடு.

இப்படிக்கு,
உன் அத்தை

பிப்ரவரி 27

அன்புள்ள அத்தைக்கு,

நலம். உங்கள் எல்லோருடைய நலத்தையும் தெரிந்துகொள்ள ஆசை. முழங்காலுக்கு வெந்நீர் ஒத்தடம் கொடுக்கிறீர்களா? மாமாவின் இருமல் நின்றதா? ஜெராக்ஸ் கடை அக்காவை ரொம்பவும் விசாரித்ததாகச் சொல்லுங்கள். பிரின்டர் மை தொட்டுத் தொட்டு அவர் விரலில் சிரங்கு வந்ததே, ஆறிவிட்டதா?

இந்த வாரம் மெழுகில் கடைவாய்ப் பல் செதுக்கினேன். பல்லின் வெள்ளையில் பதினாறு வகை இருக்கிறது, அத்தை! நீங்கள் நூல் கண்டைத் துணியின் மேல் வைத்து, வாசல் வெளிச்சத்தில் நிறம் பார்ப்பீர்களே, அதே வேலைதான். நான் பொருத்திய நிறத்தை ஆசிரியரே நிஜப் பல்லிலிருந்து பிரித்துச் சொல்ல முடியவில்லை. பிறகு வார்ப்பு எடுப்பது எப்படி என்று கற்றுக்கொடுத்தார்கள். அதில் ஒரு சின்னக் குமிழி வந்துவிட்டாலும் போதும், எல்லாம் வீண்.

தேர்வு அடுத்த வாரம். நன்றாகத் தயார் செய்கிறேன். நீங்கள் கேட்டிருந்த மற்ற விஷயங்களுக்கு நேரில் பார்க்கும்போது பதில் சொல்கிறேன்.

அன்புடன்,
மருமகள்

மார்ச் 10

மருமகளுக்கு,

எல்லோரும் சுகம். சிரங்கு ஆறிவிட்டது. இருமல் ஆறவில்லை.

நான் பல்லைப் பற்றிக் கேட்கவில்லை.

நான் கேட்டது ஒரே ஒரு விஷயம். நீ "மற்ற விஷயங்கள்" என்று எழுதுகிறாய். ஒன்றைப் பலதாக்கிக் கும்பலில் தள்ளிவிடுகிறவர்கள் எதையோ ஒளிக்கிறார்கள். உன் அப்பன் சின்ன வயதில் கண்ணாடியை உடைத்துவிட்டு, "வீட்ல என்னென்னமோ உடையுதுக்கா" என்றான். அதே ரத்தம்.

கட்டுரை வகுப்பு என்ன ஆயிற்று?

உன் அத்தை

மார்ச் 26

அன்புள்ள அத்தைக்கு,

உடம்பு சுகம்தான். மனசு கொஞ்சம் சுகமில்லை. நீங்கள் எல்லோரும் எப்படி இருக்கிறீர்கள்? மாமாவை ஒரு நல்ல டாக்டரிடம் காட்டுங்கள்.

தேர்வு முடிவு வந்துவிட்டது. கேட்பது, படிப்பது, பேசுவது மூன்றிலும் தேறிவிட்டேன். எழுதுவதில் ஆறரை வேண்டும், ஐந்தரைதான் வந்திருக்கிறது.

கேள்வியைச் சொல்கிறேன். "நீங்கள் வாங்கிய துணி துவைக்கும் இயந்திரம் மூன்றே வாரத்தில் நின்றுவிட்டது. கடை மேலாளருக்கு நூற்றைம்பது சொற்களில் கடிதம் எழுதுக." எனக்குத் தெரிந்த ஒரே கடிதம் உங்களுக்கு எழுதுவதுதானே? "மதிப்புக்குரிய மேலாளர் அவர்களுக்கு, நான் நலம், தாங்களும் தங்கள் குடும்பத்தாரும் நலமா" என்று ஆரம்பித்தேன். பருவநிலை மாறுகிறது, உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள் என்றேன். கடையில் நாள் முழுக்க நின்றால் கால் வலிக்குமே, அதையும் விசாரித்தேன். கடை ஊழியர்கள் அனைவரையும் கேட்டதாகச் சொல்லச் சொன்னேன். நூற்று இருபது சொல் ஆகிவிட்டது. "ஒரு சிறு விஷயம், இயந்திரம் சற்று ஓய்வெடுக்கிறது" என்று எழுதும்போது நேரம் முடிந்துவிட்டது.

"நிகழ்ந்தது என்னவென்றே இக்கடிதத்தில் தெரியவில்லை" என்று குறிப்பு வந்திருக்கிறது.

ஜூன் 10க்கு முன் மறுபடி தேர்வு எழுத இந்த ஊரில் இடம் காலி இல்லை. பஸ்ஸில் நான்கு மணி நேரம் போனால் ஓர் ஊரில் மே 25 அன்று ஒரே ஓர் இடம் இருந்தது. பிடித்துவிட்டேன். முடிவு ஜூன் 7 வரும். அதுதான் கடைசி வாய்ப்பு.

உங்கள்,
மருமகள்

ஏப்ரல் 6

என் மருமகளுக்கு அத்தை எழுதுவது.

நாங்கள் இருக்கிறோம். மாமாவை டாக்டரிடம் காட்டியாயிற்று. புகைதான் காரணம் என்றார் டாக்டர். இல்லை என்கிறார் மாமா. சட்டைப் பையில் தீப்பெட்டி.

உன் கடிதத்தை ஜெராக்ஸ் கடைக்காரிக்குப் படித்துக் காட்டினேன். அவள் சிரித்த சிரிப்பில் நாலு தாள் கோணலாக விழுந்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. சுகமா என்று கேட்டவளுக்கு மார்க்கைக் குறைக்கிற ஊர் என்ன ஊர்? அந்த மேலாளரும் ஒருத்தி பெற்ற பிள்ளைதானே?

ஆனாலும் தப்பு உன்னுடையது. சாயம் போகிற நூலைக் கொடுத்தவனிடம் நான் சுகம் விசாரித்தேனா? கடைப் படியில் கால் வைக்கும்போதே சொன்னேன்: "உன் சிவப்பு நூல் பதினெட்டு சீருடைச் சட்டைய நாசம் பண்ணிடுச்சு. திங்கக்கிழமை வாங்கினேன், புதன்கிழமை நனைச்சேன், இந்தா சட்டை. வேற சட்டைத் துணி குடு." அவன் மூச்சு விடுவதற்குள் வேலை முடிந்தது. அப்புறம்தான் "உங்க அம்மாவுக்குத் தேவலையா?" என்று கேட்டேன். நீயும் அப்படி எழுதிப் பழகு.

இப்போது மூன்றாவது முறையாகக் கேட்கிறேன். ஆனால் விடை எனக்குப் பாதி தெரிந்துவிட்டது. உன் கடிதங்களை எல்லாம் வரிசையாக அடுக்கிப் படித்தேன். நவம்பர் 21இல் அந்த டீச்சர் நல்லவள். நவம்பர் 30இல் அவள் சொன்ன ஜோக்கு. டிசம்பர் 5இல் மூன்றே வரி, கையெழுத்தும் சாய்ந்திருக்கிறது. அதற்குப் பிறகு அவளைப் பற்றி ஒரு சொல்கூட இல்லை. பிடித்தவர்களைப் பற்றி யாரும் இப்படி வாயடைத்துப் போக மாட்டார்கள். நான் என் ஓரகத்தி பேச்சை எடுத்தே பதினாறு வருடம் ஆகிறது. இந்த மௌனம் எனக்குத் தெரியும். அவள் உன்னை என்ன செய்தாள்?

உன் அத்தை

ஏப்ரல் 20

அன்புள்ள அத்தைக்கு,

எல்லோரும் நலமா?

வகுப்பில் கட்டுரை எழுதச் சொன்னார். நான் உங்களைப் பற்றி எழுதினேன். "என் அத்தை எதையும் மறப்பதில்லை" என்பது தலைப்பு. மறுநாள் டீச்சர் அந்தத் தாளைத் தூக்கிப் பிடித்தார். இருபத்து மூன்று பேர் உட்கார்ந்திருந்தார்கள். "இது நீ எழுதுனது இல்ல. யாரு எழுதிக் குடுத்தா?" என்றார்.

நான் "சாரி மேடம்" என்றேன்.

ஏன் சொன்னேன் என்று இன்றுவரை தெரியவில்லை. மறுநாள் போகவில்லை. பிறகு போகவே இல்லை. என் மதிப்பெண் பட்டியலில் அந்த வகுப்புக்கு எதிரே "முடிக்கவில்லை" என்று இருக்கிறது. அதனால்தான் தேர்வு. ஆண்டு முடிவதற்குள் டீச்சர் மனம் வைத்தால் முடித்துக்கொள்ளலாமாம். நான் அவர் அறைப் பக்கமே போவதில்லை. சாப்பிடப் போகக்கூட சுற்று வழிதான்.

இனிமேல் போய்ச் சொல்ல என்ன இருக்கிறது, அத்தை?

மருமகள்

மே 1

என் கண்ணுக்கு,

எங்கள் சுகத்துக்கு என்ன, இருக்கிறது. மூன்று நாள் கோபத்தில் கத்தரி பிடிக்க முடியாமல் ஒரு சட்டைக்கு இரண்டு இடது கை வெட்டிவிட்டேன்.

முதலில் அவளுக்கு நானே எழுதத்தான் நினைத்தேன். இங்கிலீஷில் மாற்றித் தர ஜெராக்ஸ் கடைக்காரியும் தயாராக இருந்தாள். நான் சொல்லச் சொல்ல நாலாவது வரியிலேயே, "இதுக்கு இங்கிலீஷ்ல வார்த்தை இல்லக்கா" என்று பேனாவை மூடிவிட்டாள்.

அப்புறம் யோசித்தேன். நூல் கடைக்காரனிடம் நீளுகிற என் வாய், உன் பெரியப்பாவிடம் நீண்டதே இல்லை. கடை திறந்த அன்றைக்கு, "இவ தைக்கிறத யாரு போடுவா?" என்றார். அதற்கு ஆச்சு இருபத்து இரண்டு வருடம். ஞாயிறு தவறாமல் என் வீட்டில்தான் சாப்பாடு. இரண்டாம் தடவை கேட்டு வாங்கிச் சாப்பிடுகிறார். நான் அவர்மேல் கோபமாக இருக்கிறேன் என்பதே அந்த மனுஷனுக்குத் தெரியாது. அடிபட்டவள் நான், சுமப்பவளும் நான், அவர் நிம்மதியாகக் கை கழுவிவிட்டுப் போகிறார்.

போன ஞாயிறு தட்டை வைக்கும் முன்பே சொல்லிவிட்டேன். கடை திறந்த நாள் சொன்னது, நீ கிளம்பிய வியாழன் சொன்னது, நடுவில் சொன்ன பதினான்கு. எல்லாம் தேதியோடு. அவர் என்னையே பார்த்தார்.

"நானா? எப்போ?"

"இப்பத்தானே தேதி சொன்னேன்!"

"எனக்கு ஒண்ணுமே ஞாபகமில்லையே. சரி, தப்புத்தான். விடு. குழம்பு ஊத்து."

இவ்வளவுதான். இருபத்து இரண்டு வருடம். எனக்கு அன்று முழுக்க ஒன்றும் ஓடவில்லை. ஆனால் இரவு தூங்கினேன்.

நீ போ. சாரி என்று மட்டும் ஆரம்பிக்காதே.

உன் அத்தை

மே 29

மருமகளே,

சுகமா? நாலு வாரமாகக் கடிதம் இல்லை. உன் அப்பன் என் முகத்தைப் பார்த்தே, "என்னக்கா, ஏதாவது பிரச்னையா?" என்று கேட்டுவிட்டான். மெஷினில் ஊசி உடைந்துவிட்டது என்று சொன்னேன். நாலு நாளாகத் தினமும் ஓர் ஊசி உடைக்க வேண்டியிருக்கிறது.

எழுது.

அத்தை

ஜூன் 8

அன்புள்ள அத்தைக்கு,

இடம் கிடைத்துவிட்டது! மூன்றாம் வருடத்தில் சேர்ந்துவிட்டேன். இனி மற்றது: நான் நலம், நீங்கள் நலமா, ஊசி உடைப்பதை நிறுத்துங்கள்.

மே 25 தேர்வுக்காகத் தினம் ஒரு புகார்க் கடிதம் எழுதிப் பழகினேன். பழுதான மின்விசிறி, ஒழுகும் குழாய், தொலைந்த பெட்டி. உங்கள் கடிதம் வந்த அன்று பழகுவதற்கென்றே டீச்சருக்கு ஒன்று எழுதினேன். "டிசம்பர் 4 அன்று இருபத்து மூன்று பேர் முன்னால் என் கட்டுரை என்னுடையதல்ல என்றீர்கள். அது என்னுடையது. நிரூபிக்க வாய்ப்பு வேண்டும்." திரும்பப் படித்தேன். நன்றாக இருந்தது. அதனால் கொண்டுபோய் அவர் மேஜையிலேயே வைத்துவிட்டு ஓடி வந்துவிட்டேன்.

மறுநாள் கூப்பிட்டார். அவர் பேசியதை நம் பேச்சில் எழுதுகிறேன்.

"அன்னைக்கு ஏன் சாரின்னே? நீயே ஒத்துக்கிட்டேன்னுதான் நான் விட்டுட்டேன்."

"எங்க வீட்ல பெரியவங்க கோபமா இருந்தா முதல்ல சாரி சொல்லிடுவோம் மேடம். காரணம் அப்புறம் கேட்டுத் தெரிஞ்சுக்குவோம்."

அவர் ஒரு நாற்காலியைக் காட்டி, "உட்காரு. இங்கயே எழுது" என்றார். செயற்கைப் பல் செய்வது எப்படி என்று ஒன்றரை மணி நேரம் அவர் கண் முன்னாலேயே எழுதினேன். குமிழியைப் பற்றி ஒரு பக்கம் வந்துவிட்டது. படித்தார். பாக்கியிருந்த இரண்டு கட்டுரையையும் அதே அறையில் எழுதச் சொன்னார். எழுதினேன். போன வெள்ளிக்கிழமை "முடிக்கவில்லை" என்பதை அடித்து மதிப்பெண் போட்டுக் கையெழுத்திட்டார்.

தேர்வு என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். இந்த முறை கேள்வி: "நோயிலிருந்து குணமாகி வீடு திரும்பிய பக்கத்து வீட்டுக்காரருக்குக் கடிதம் எழுதுக." நானோ இரண்டு மாதமாகப் புகார் எழுதிப் பழகியவள். "நீங்கள் மருத்துவமனைக்குப் போனதை எனக்கு ஒரு வார்த்தை சொல்லவில்லை" என்று ஆரம்பித்து, தேதி, சாட்சி, எல்லாம் எழுதிவிட்டேன். நேற்று முடிவு வந்தது. ஆறு. அரை மதிப்பெண் குறைவு.

கட்டுரை வகுப்புத் தாள் மட்டும் இல்லையென்றால் இப்போது பெட்டி கட்டிக்கொண்டிருப்பேன். அலுவலகத்து அம்மா அதை வாங்கிப் பார்த்து, "இதை முதல்லயே குடுத்திருக்கலாமேம்மா" என்றார்.

அப்பாவிடம் இனி சொல்லலாம்.

உங்கள் மருமகள்

ஜூன் 19

என் தங்கத்துக்கு அத்தை எழுதுவது.

எல்லோரும் சுகம், முழங்கால் உட்பட. உன் அப்பனிடம் எல்லாவற்றையும் சொன்னேன். பிரச்னை தீர்ந்துவிட்டது என்றதும்தான் அவனுக்கு ரத்த அழுத்தம் ஏறியது. உன் பெரியப்பா, "நான் அன்னைக்கே சொன்னேனே, அவ கெட்டிக்காரின்னு" என்கிறார். எழுதி வைத்துக்கொண்டேன்.

உன் கடிதத்தை ஆறு முறை படித்தேன். டீச்சர் நாற்காலி காட்டினாள், படித்தாள், கையெழுத்துப் போட்டாள். மன்னிப்புக் கேட்டதாக ஒரு வரி இல்லை. மறந்துவிட்டாயா, இல்லை அவள் கேட்கவில்லையா? நீ அவளை மன்னித்திருக்கலாம். படிக்கிற பெண், உனக்கு ஆயிரம் வேலை. எனக்கு அப்படி ஒன்றும் அவசரம் இல்லை.

நல்லபடியாகப் புது ஊர் போய்ச் சேர்.

உன் அத்தை

செப்டம்பர் 2

அன்புள்ள அத்தைக்கு,

புது ஊர், புது அறை, நலம். ஜன்னலைத் திறந்தால் பஸ் நிறுத்தம். நீங்கள் எல்லோரும் சுகமாக இருக்க வேண்டும்.

டீச்சர் மன்னிப்புக் கேட்கவில்லை. நீங்கள் கண்டுபிடிப்பீர்கள் என்று தெரிந்தேதான் எழுதாமல் விட்டேன். கிளம்புவதற்கு முதல் நாள் நானே போய்க் கேட்டேன். "மதிப்பெண்ணைத் திருத்திட்டீங்க மேடம். சொன்னதைத் திருத்தலையே" என்றேன். அவர் முகம் சிவந்துவிட்டது. மறுநாள் காலை, வகுப்பில் இருந்த இருபத்து மூன்று பேரில் அவர் முகவரி வைத்திருந்த பத்தொன்பது பேருக்கும் ஈமெயில் அனுப்பியிருந்தார். தான் தவறாகச் சொல்லிவிட்டதாக. போதுமா? நாலு பேர் பாக்கி. உங்களுக்கு அது போதாது என்று தெரியும்.

நேற்று இங்கே முதல் நாள். வெளிநாட்டு மாணவர்கள் எல்லோரும் மூன்றாவது மாடி அறைக்கு வரச் சொல்லி அறிவிப்பு. போனால் நீள வரிசை, மேஜை, ஒவ்வொருவராக உள்ளே கூப்பிடுகிறார்கள். கையில் ஆளுக்கொரு தாள். எனக்குக் கோபம் தலைக்கு ஏறிவிட்டது. இன்னொரு ஆங்கிலத் தேர்வு!

வரிசையைத் தாண்டி நேராக மேஜைக்குப் போனேன். முதல் வாக்கியத்திலேயே விஷயத்தைச் சொன்னேன். "நான் இதை எழுத மாட்டேன். இரண்டு தேர்வு எழுதிவிட்டேன், கட்டுரை வகுப்பு முடித்துவிட்டேன், ஏழாவது விதியைப் படியுங்கள். இங்கே உள்ள ஒருவரும் இதை எழுத வேண்டிய அவசியம் இல்லை." தேதிகள், சாட்சிகள், எனக்கு என்ன வேண்டும் என்பது, ஒன்று விடவில்லை. பின்னால் நின்றவர்கள் கை தட்டினார்கள்.

மேஜைக்குப் பின்னால் இருந்தவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "ரொம்ப அருமையாப் பேசுறீங்க. ஆனா இது பரீட்சை இல்ல, அடையாள அட்டைக்குப் போட்டோ எடுக்குற இடம். உட்காருங்க, இங்க பாருங்க" என்றார்.

சண்டை போட்ட முகம் மாறுவதற்குள் எடுத்துவிட்டார்.

படிப்பு முடியும்வரை இதே அட்டைதான், மாற்றித் தர மாட்டார்களாம். இன்று நூலகத்தில் காட்டினேன், நான் கேட்காமலேயே இரண்டு புத்தகம் கூடுதலாகத் தந்துவிட்டார்கள். ஒரு நகல் இதோடு வைத்திருக்கிறேன், பாருங்கள். புருவம், மூக்கு, மூடிய உதடு, எல்லாமே அச்சு அசல் நீங்கள்தான், அத்தை.

மருமகள்